கறிவேப்பிலைக்கு எத்தனை வாட்? டென்ட்டுக்கு எல்இடி விளக்கு வாங்கும் முன்

இந்த அக்டோபரில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், "பேஸ்மென்ட் டென்ட்டில் என்ன லைட் போட்டிருக்கீங்க, லிங்க் அனுப்புங்க" என்று. லிங்க் அனுப்புவது சுலபம். ஆனால் என் டென்ட் (வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் செடி வளர்க்கும் துணிக்கூடாரம்) 2 அடிக்கு 4 அடி, உள்ளே இருப்பது இரண்டு கறிவேப்பிலைத் தொட்டியும் பிப்ரவரிக்கு மேல் ஒரு மிளகாய் நாற்றுத் தட்டும். உங்களுடையது வேறாக இருக்கும், அப்போது என் லிங்க்கால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. கனடாவில், டொரொன்டோவின் ஸ்காபரோவில் ஐந்து குளிர்காலம் இந்த வேலையைச் செய்ததில் கையைச் சுட்டுக்கொண்டதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்த டென்ட், உள்ளே பளபளக்கும் வெள்ளித்தாள், மேலே தொங்கும் விளக்கு, வாசனை பிடிக்கும் கரி வடிகட்டி எல்லாமே கஞ்சாச் செடிக்காக வளர்ந்த சந்தை. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் அது சட்டப்படி சரி, ஒன்டாரியோவில் வீட்டுக்கு நான்கு செடி வரை வளர்க்கலாம். தப்பே இல்லை, அவர்கள் புண்ணியத்தில்தான் நமக்கு விளக்கு மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் கடைக்காரர் சொல்லும் கணக்கும் பெட்டியில் அச்சடித்திருக்கும் கணக்கும் அந்தச் செடியின் பூவுக்கான கணக்கு. "சதுர அடிக்கு 30 முதல் 40 வாட்" என்பார்கள். 8 சதுர அடிக்கு அது 240 வாட்டில் ஆரம்பித்து 320 வரை போகும். கறிவேப்பிலையிடம் நமக்கு வேண்டியது பூவும் இல்லை, காயும் இல்லை, தாளிக்க நாலு ஈர்க்கு. அதற்கு இவ்வளவு வேண்டாம், பழகாத செடிக்கு ஆகவும் ஆகாது.

சரி, ஜன்னல் போதாதா? எனக்கும் அதே எண்ணம்தான். டிசம்பர் கடைசியில் இங்கே பகல் 9 மணி நேரம்கூட முழுசாக இல்லை, அதிலும் பாதி நாள் மேகம், சூரியன் எதிர் வீட்டுக் கூரையைத் தாண்டி ஏறுவதற்கே சோம்பல்படும். முதல் வருடம் தெற்கு ஜன்னல் ஓரம் வைத்தேன். ஜனவரி நடுவில் இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிக் குச்சி மட்டும் நின்றது. பாவமாக இருக்கிறதே என்று தண்ணீர் ஊற்றினேன், அதுதான் அதைக் கொன்றது. இலை இல்லாத செடி தண்ணீர் குடிக்காது, மண் ஈரமாகவே இருந்து வேர் அழுகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா யாழ்ப்பாணம், வந்து குச்சியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், பச்சை இல்லை. "பட்டுப்போச்சு தம்பி, இனி தண்ணி ஊத்தி என்ன பிரயோசனம்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த குளிருக்கு வாங்கியது ஊதா நிறத்தில் எரியும் பலகை. சிவப்பும் நீலமுமாகப் பொட்டுப் பொட்டாக எல்இடி, பின்னால் இரண்டு குட்டி விசிறி, பெட்டியில் பெரிய எழுத்தில் 1000 வாட். பிளக்கில் செருகி வாட் பார்க்கும் மீட்டரை மாட்டினால் 112 காட்டியது. "ஆயிரம்" எங்கிருந்து வந்தது என்றால், உள்ளே 10 வாட் தாங்கக்கூடிய எல்இடி 100 இருக்கிறதாம், ஆனால் அதில் ஒன்றையும் அந்த அளவுக்கு ஓட்டுவதில்லை. ஐம்பது பேர் உட்காரும் பஸ்ஸில் ஆறு பேர் போய்விட்டு ஐம்பது டிக்கெட் கணக்குக் காட்டுவது போல. இன்றைக்கும் இணையத்தில் விற்கும் மலிவுச் சாமான்களில் இந்தப் பித்தலாட்டம் இருக்கிறது, "1000 வாட்டுக்குச் சமம்" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

ஊதா ஏன் என்று கேட்டால், பச்சையம் சிவப்பையும் நீலத்தையும்தான் அதிகம் உறிஞ்சுகிறது, பச்சை ஒளி வீண், என்று ஒரு பள்ளிக்கூட விளக்கம் சொல்வார்கள். அது சோதனைக் குழாயில் கரைத்த பச்சையத்துக்குச் சரி. முழு இலையை வைத்துப் பார்த்தால் கதை வேறு. கீத் மெக்ரீ என்ற ஆராய்ச்சியாளர் 1970களின் தொடக்கத்திலேயே 22 வகைப் பயிர்களின் இலைகளை அளந்து, பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கைக்கு நன்றாகவே உதவுகிறது என்று காட்டிவிட்டார். பச்சை ஒளி மேலிலையைத் தாண்டிக் கீழிலை வரை இறங்கும் என்பது கூடுதல் லாபம். அப்புறம் இன்றைய வெள்ளை எல்இடி என்பதே நீல எல்இடி மேல் ஒரு பாஸ்பர் பூச்சுதான், எல்லா நிறமும் கலந்து வருகிறது, மின்சாரத்தை ஒளியாக்குவதிலும் பழைய ஊதாப் பலகைகளை எங்கோ தாண்டிவிட்டது.

இதையெல்லாம் விடுங்கள். ஊதாவில் எனக்குப் பெரிய தொல்லை, செடியைப் பார்க்க முடியாதது. அந்த வெளிச்சத்தில் இலை கறுப்பாகத் தெரியும். நரம்பு பச்சையாக இருந்து நடுவே வெளுப்பது இரும்புச் சத்துக் குறைவு, கறிவேப்பிலைக்கு அடிக்கடி வருவது, எனக்கு ஆறு வாரம் தெரியவே இல்லை. தண்டில் ஒட்டியிருந்த செதில் பூச்சியும் அப்படியே தப்பித்தது. டென்ட்டை விட்டு வெளியே வந்தால் பத்து நிமிஷம் சுவரெல்லாம் பச்சையாகத் தெரியும். நாலாம் மாசம் ஒரு விசிறி கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. டென்ட் ஜிப்பை நான் சரியாக மூடாத ஒருநாள் அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்கட பேஸ்மென்ட்ல என்ன கோயிலோ, ஊதாக் கலரா எரியுது?" என்று கேட்டார். (சத்துக் குறைவு என்றதும் ஊரில் செய்வது போலப் புளித்த மோரை ஊற்றினேன். மூடிய டென்ட்டுக்குள் அதைச் செய்யாதீர்கள். வாடை மாடி வரை வந்தது.) ஆகவே ஊதா வேண்டாம், இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பேன்.

இப்போது எண்கள். விளக்கு வாங்க இரண்டே எண் போதும். ஒன்று, சுவர் பிளக்கிலிருந்து உண்மையில் எத்தனை வாட் எடுக்கிறது. இரண்டு, ஒரு ஜூல் மின்சாரத்துக்கு (ஒரு வாட் ஒரு நொடி ஓடினால் ஒரு ஜூல்) எத்தனை மைக்ரோமோல் ஒளி தருகிறது. மைக்ரோமோல் என்பது செடிக்கு உதவும் ஒளித் துகள்களை எண்ணும் அளவு, 10 லட்சம் சேர்ந்தால் ஒரு மோல். இந்த இரண்டாவது எண்ணைத்தான் கீழே திறன் என்கிறேன். நல்ல வெள்ளை எல்இடி என்றால் 2.5க்கு மேல் இருக்க வேண்டும், 2.7, 2.8 சாதாரணமாகக் கிடைக்கிறது. இந்த எண்ணையே போடாத விளக்கை நான் பக்கத்தில் சேர்ப்பதில்லை. லூமன் நம் கண்ணுக்கான கணக்கு, செடிக்கு நேராக உதவாது.

செடிப் பக்கம் பார்த்தால், குழாயில் தண்ணீர் வரும் வேகம் ஒன்று, குடம் நிறைவது இன்னொன்று. ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகிறது என்பது குழாய். நாள் முழுக்கச் சேர்ந்தது எத்தனை மோல் என்பது குடம். முதல் எண்ணை விளக்கு எரியும் மணி நேரத்தால் பெருக்கி, 3600ஆல் பெருக்கி, 10 லட்சத்தால் வகுத்தால் குடம். கீரை, லெட்டூஸ் வகைக்கு நாளைக்கு 12 முதல் 17 மோல், மிளகாய், தக்காளி காய்க்க 20 முதல் 30 என்பது பசுமைக்குடில்காரர்கள் வைத்திருக்கும் அளவு. கறிவேப்பிலைக்கு என்று யாரும் அட்டவணை போட்டு நான் பார்த்ததில்லை. என் டென்ட்டில் 12, 13 கிடைக்கும் இடத்தில் மாசத்துக்கு இரண்டு மூன்று புதுத் துளிர் விடுகிறது, 7 கிடைக்கும் மூலையில் சாகாமல் சும்மா நிற்கிறது.

100 வாட் விளக்கு, 2.7 திறன் என்றால் நொடிக்கு 270 மைக்ரோமோல். சுவரில் பட்டு, தரையில் சிந்தி வீணாவது போக 85 சதவீதம் செடிமேல் விழுகிறது என்று வையுங்கள். 2க்கு 4 அடி என்பது 0.74 சதுர மீட்டர். வகுத்தால் சுமார் 310. தினம் 12 மணி நேரம் எரித்தால் 13 மோல். முடிந்தது, கறிவேப்பிலைக்கு அதுதான் கணக்கு. 320 வாட் எங்கே, 100 வாட் எங்கே பாருங்கள்.

மலிவு வழி ஒன்று இருக்கிறது. வன்பொருள் கடையில் கராஜுக்கு மாட்ட விற்கிறார்களே, 4 அடி நீள எல்இடி குழல் விளக்கு, ஒன்று 40 வாட்டும் நாலாயிரத்துச் சொச்சம் லூமனும். அக்கா வீட்டில் டென்ட்டே கிடையாது, இரும்பு அலமாரித் தட்டில் அடிப்பக்கம் இரண்டு குழலைச் சங்கிலியில் கட்டி, செடி நுனிக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டிருக்கிறார். 80 வாட் எடுத்து, என் கணக்குப்படி 130 மைக்ரோமோல் அளவில்தான் தரும், திறன் 1.6. ஆனால் செலவு எனக்கு ஆனதில் பாதிகூட இல்லை, எந்தக் கடையிலும் கிடைக்கும், கெட்டுப்போனால் அன்றைக்கே மாற்றலாம். அவருடைய வல்லாரையும் கறிவேப்பிலைக் கன்றுகளும் அதில் நன்றாகவே இருக்கின்றன. ஒரு முழத்துக்கு உட்பட்ட செடி, நாற்று, கீரை என்றால் இதற்கு மேல் செலவு செய்யாதீர்கள். மூன்றடி உயரச் செடிக்கு மட்டும் சரிவராது, மேலிலைக்குக் கிடைப்பதில் கொஞ்சம்தான் கீழே போகும்.

நான் மூன்றாம் வருடம் வாங்கி இன்றுவரை வைத்திருப்பது 100 வாட் வெள்ளைப் போர்டு. ஒரு அலுமினியத் தகடு, அதில் மணல் இறைத்த மாதிரி குட்டிக் குட்டி வெள்ளை எல்இடி, நடுநடுவே சில சிவப்பு, விசிறி இல்லை, சத்தம் இல்லை, ஓரத்தில் டிம்மர் குமிழ். திறன் நல்லது, விலையும் நியாயம். குறை என்ன என்றால் வெளிச்சம் நடுவில் குவியும். போனில் லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்) காட்டும் செயலியை வைத்து, போர்டை ஒன்றரை அடி உயரத்தில் கட்டிப் பார்த்தேன்: நேர் கீழே 38,000 லக்ஸ், டென்ட்டின் மூலையில் 11,000. வெள்ளை எல்இடிக்கு லக்ஸை 67ஆல் வகுத்தால் ஏறக்குறைய மைக்ரோமோல் வந்துவிடும், போன் கேமரா கொஞ்சம் முன்னே பின்னே சொன்னாலும் ஒப்பிடப் போதும். அதாவது நடுவில் 570, மூலையில் 165. சராசரி 310 என்று காகிதத்தில் போட்டது சரிதான், ஆனால் செடி சராசரியில் வளர்வதில்லையே. 2க்கு 2 அடி டென்ட்டில் இந்தக் குறையே தெரியாது, 2க்கு 4இல் இரண்டு பக்கமும் அடி வாங்கும்.

வாங்கிய புதிதில் ஆசையில் ஒரு தப்பும் செய்தேன். ஜன்னலோரம் இருந்த செடியை நேராகக் கொண்டுவந்து முக்கால் அடி கீழே வைத்து டிம்மரை முழுசாகத் திருப்பிவிட்டேன். மூன்றே நாளில் மேல் துளிர் வெளுத்து, இலை ஓரம் மடிந்து படகு மாதிரி ஆகிவிட்டது. மங்கலில் இருந்த செடிக்கு முதல் வாரம் 40 சதவீதம், அடுத்த வாரம் 70 என்று ஏற்றுங்கள். டிம்மர் இல்லாத விளக்கை வாங்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

பார் விளக்கு என்று இன்னொன்று. ஏணிப் படி மாதிரி நான்கு அல்லது ஆறு நீளக் கம்பிகள், ஒவ்வொன்றிலும் எல்இடி வரிசை. டென்ட் முழுக்க ஒரே சீராக விழும், மூலைக்கும் நடுவுக்கும் பெரிய வித்தியாசம் இராது, செடிக்கு ஒரு அடி பக்கத்தில் இறக்கினாலும் சுடாது, உயரம் மிச்சம். பக்கத்து ஊரான மார்க்கமில் இருக்கும் நண்பர் ஒருவர் 2க்கு 4 டென்ட்டில் 240 வாட் பார் மாட்டி, 60 சதவீதத்தில் 14 மணி நேரம் எரிக்கிறார். கணக்குப் போட்டால் 22 மோல் வருகிறது. ஜனவரியில் அவர் வீட்டில் காந்தாரி மிளகாய் கொத்துக் கொத்தாக நிற்கிறது, வெளியே பனி கொட்டுகிறது, அவர் பெயின்ட் பிரஷ்ஷால் பூவைத் தடவிக்கொண்டிருக்கிறார், டென்ட்டுக்குள் தேனீ வராதே. எல்இடியை முழுச் சக்தியில் ஓட்டாமல் குறைத்து ஓட்டினால் திறன் கொஞ்சம் கூடவும் செய்யும். காய் வேண்டும், இடம் முழுக்கச் செடி வைக்க வேண்டும் என்றால் பார்தான், சந்தேகமே இல்லை. விலை என் போர்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

கழுத்தை வளைக்கும் கிளிப் விளக்கு மேசைமேல் ஒரு துளசிக்குப் போதும், டென்ட் பேச்சில் அதைச் சேர்க்க வேண்டாம். சில போர்டுகளில் புற ஊதா, அகச் சிவப்பு என்று தனி ஸ்விட்ச் வைத்துக் கூடுதல் காசு கேட்பார்கள், நமக்குத் தேவையில்லை. வெள்ளையின் நிறச் சாயல் 3000 கெல்வினா 4000 கெல்வினா என்று மண்டையை உடைத்துக்கொள்ளவும் வேண்டாம், எது கிடைக்கிறதோ அது. எல்இடிக்கு சாம்சங் பெயரையும் டிரைவருக்கு (எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராகக் கொடுக்கும் பெட்டி) மீன்வெல் பெயரையும் போட்டிருந்தால் நல்லதுதான், ஆனால் அதே பெயரைப் போட்டுக்கொண்டு ஜூல் கணக்கைச் சொல்லாதவர்களும் உண்டு. ஆயுள் 50,000 மணி நேரம் என்பதைப் பார்த்து மயங்காதீர்கள். தினம் 12 மணி, வருடத்துக்கு ஆறு மாசம் எரித்தால் அது 23 வருஷம், அதற்குள் டிரைவர் நாலு தடவை போயிருக்கும். டிரைவரைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

பாதுகாப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஈரமும் மின்சாரமும் ஒரே கூடாரத்துக்குள், அதுவும் நாம் தூங்கும்போது. கனடாவில் சிஎஸ்ஏ, அல்லது பக்கத்தில் சின்னதாக சி எழுத்து போட்ட யூஎல், ஈடிஎல் என்ற பாதுகாப்புச் சோதனை முத்திரை விளக்கிலேயே இருக்க வேண்டும். சிஇ என்று ஐரோப்பிய முத்திரை மட்டும் போட்டிருப்பது இங்கே செல்லாது. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் காப்பீட்டுக்காரர் முதலில் தேடுவது அந்த முத்திரையைத்தான். என் ஊதாப் பலகையில் அது இல்லை, வாங்கி ஒரு வருஷம் கழித்துத்தான் கவனித்தேன். டிரைவரை டென்ட்டுக்கு வெளியே வைக்கும் அளவுக்கு வயர் நீளமாக இருந்தால் இன்னும் நிம்மதி. வயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவு தொங்கும்படி விடுங்கள், தண்ணீர் வழிந்தால் அங்கேயே சொட்டிவிடும்.

கரண்ட் பில் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். 100 வாட், 12 மணி நேரம், மாசம் 36 யூனிட். யூனிட் 10 சென்ட் என்று வைத்தால் 3 டாலர் 60 சென்ட், தமிழ்க் கடையில் குளிர்காலத்தில் இரண்டு கறிவேப்பிலைப் பாக்கெட் வாங்கினால் போய்விடும் காசு. நேரத்துக்கு ஏற்ற கட்டணத் திட்டத்தில் இருந்தால் ஒன்டாரியோவில் வார நாட்களில் மாலை 7 முதல் காலை 7 வரை மலிவு நேரம், சரியாக 12 மணி. மூடிய டென்ட்டுக்குள் இருக்கும் செடிக்கு இரவு எது பகல் எது என்று என்ன தெரியும்? டைமரை ஏழுக்கு ஏழு வைத்துவிட்டேன். இன்னொரு லாபமும் உண்டு. விளக்கு எடுக்கும் 100 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் முடியும். ஹீட்டரைக் குறைத்துவிட்டுத் தூங்கும் நேரத்தில் பேஸ்மென்ட் 17 டிகிரிக்கு இறங்கினாலும் டென்ட்டுக்குள் 23 நிற்கிறது. கறிவேப்பிலைக்கு வெளிச்சத்தைவிடச் சூடு பெரிய விஷயம் என்று சொன்னாலும் தப்பில்லை. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் வெறும் அலமாரியை விட டென்ட் எனக்குப் பிடிக்கிறது.

சரி, இந்த வருஷம் நான் என்ன செய்தேன்? இரண்டாவது கறிவேப்பிலை மூலைக்குப் போனதால் 7 மோலில் நின்று முறைத்துக்கொண்டிருந்தது. பார் வாங்கலாமா, அதே போர்டில் இன்னொன்று வாங்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். சீரான வெளிச்சம் வேண்டும் என்றால் பார். ஆனால் என் டென்ட்டில் ஒரு பக்கம் மூன்றடி மரம், இன்னொரு பக்கம் பிப்ரவரியில் ஒரு விரல் உயர நாற்று. பாரை ஒரே உயரத்தில்தான் கட்ட முடியும், நாற்றைப் பால் பெட்டிமேல் ஏற்றி வைக்க வேண்டும். போன வருஷம் அப்படிப் பெட்டிமேல் வைத்த தட்டு சரிந்து 40 நாற்றும் மண்ணும் தரையில், தூக்கி நட்டதில் பிழைத்தது 11. இரண்டு போர்டு என்றால் இரண்டு கயிறு, இரண்டு உயரம், இரண்டு டிம்மர், ஒன்று பழுதானாலும் மற்றது எரியும். அதனால் இரண்டாவது போர்டு. இப்போது இரண்டையும் 60 சதவீதத்தில் வைத்திருக்கிறேன், மூலையில் 11,000 இருந்த லக்ஸ் 19,000 ஆகியிருக்கிறது, முறைத்துக்கொண்டிருந்த செடியின் நுனியில் போன வாரம் செம்பு நிறத்தில் ஒரு துளிர்.

உங்களிடம் ஒரே ஒரு தொட்டிதான் என்றால் 2க்கு 2 டென்ட்டும் ஒரு 100 வாட் போர்டும் வாங்கி, டிம்மரைப் பாதியில் வைத்து ஓட்டுங்கள். 50 வாட்டில் அந்தச் சின்ன இடத்துக்கு அதே 310 மைக்ரோமோல் கிடைத்துவிடும். செடி இன்னும் சாண் உயரம்தான் என்றால் டென்ட்டும் வேண்டாம், அக்கா செய்தது போல இரண்டு குழல், ஒரு சங்கிலி. மே மாசம் விக்டோரியா டே வார இறுதி வந்ததும் தொட்டியை வெளியே எடுங்கள், முதல் பத்து நாள் நிழலில். நேர் வெயிலில் வைத்தால் டிம்மரை முழுசாகத் திருப்பிய அன்று என் செடிக்கு ஆனதுதான் உங்கள் செடிக்கும் ஆகும்.